காரைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை 8.50 மணிக்கு நம் பள்ளி வாசலில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் இடது மணிக்கட்டு முறிந்தது. அவள் வீட்டிலிருந்து நடந்து வந்தவள். ஒருவர் தன் பிள்ளையை இறக்கிவிட்டு அவசரமாகப் பின்னால் எடுத்த கார் அவளை மோதித் தள்ளியது. காரை ஓட்டியவரும் நம் பள்ளிப் பெற்றோர்தான். அவரே அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். மாவுக்கட்டு போட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றார். மாலையில் என் அறைக்கு வந்து அழுதார். அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்று அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் உங்களில் வேறு யாராகவும் இருந்திருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

மறுநாளிலிருந்து காலை 8.30க்கே வாசலுக்கு வந்து நின்று பார்த்தேன். ஒரு காருக்கு ஒரு பிள்ளை. பெரும்பாலான கார்களில் ஓட்டுபவரும் அந்த ஒரு பிள்ளையும் மட்டுமே இருந்தார்கள். சிறிய கார் ஒன்று சுமார் 4 மீட்டர் நீளம். நாற்பது கார்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டி நின்றாலும் 160 மீட்டர் வேண்டும். நம் பள்ளித் தெரு அந்த நீளத்துக்கு ஏது? அதே நாற்பது பிள்ளைகள் 12 மீட்டர் நீளமுள்ள ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தே வந்துவிடலாம். தொண்டைமான் மன்னர்கள் காலத்தில், கட்டம் கட்டியதுபோல் நேர்நேராகப் போட்ட வீதிகள் நம் புதுக்கோட்டையின் வீதிகள். வண்டியும் மாடும் மனிதர்களும் சேர்ந்து போக அவை அந்தக் காலத்தில் தாராளமாக இருந்தன. வீதியின் அகலம் மாறவில்லை. அதில் நாம் கொண்டுவந்து நிறுத்தும் இரும்புதான் பெருகிவிட்டது.

ஏன் காரில் கொண்டுவந்து விடுகிறீர்கள் என்று பல பெற்றோரிடம் கேட்டேன். "ரோட்டில் வண்டிகள் அதிகம், தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது டீச்சர்" என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள், அதாவது நாளொன்றுக்கு 49 பேர். ஜல்லி லாரிகள் ஓடும் சாலையைக் கடந்து வரும் பிள்ளையைப் பற்றித் தாய்க்குப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால் சாலையில் வண்டிகள் அதிகம் என்று பயந்து நாமும் ஒரு வண்டியை எடுக்கிறோம். அதைப் பார்த்து, நேற்றுவரை பிள்ளையை நடக்கவிட்ட பக்கத்து வீட்டுக்காரரும் இன்று வண்டியை எடுக்கிறார். கடைசியில் நடந்தே வரும் பிள்ளைகள் என்று யார் மிஞ்சுகிறார்கள்? வண்டி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான். செவ்வாய்க்கிழமை அடிபட்டவளும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. அவளுக்கு அன்று பள்ளி வரும் வழியிலேயே மிக ஆபத்தான இடமாக இருந்தது நம் பள்ளி வாசல். ஒரு தலைமையாசிரியராக இதை எழுத எனக்கு வேதனையாக இருக்கிறது.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1992இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. அன்னவாசல் பக்கம் ஒரு கிராமம். என் அம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதைத் தவறவிட்டால் கால்கள்தான். அப்போது இந்த மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தரும் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுத் தர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அறிவொளித் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். பொழுது சாய்ந்ததும் கண்மாய்க்கரைப் பொட்டலில் எங்கள் ஊர்ப் பெண்கள் கூடுவார்கள். புடவைக் கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா ஏறுவார், விழுவார், மறுபடி ஏறுவார். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியது நான். கேலி செய்தவர்கள் நிறையப் பேர். ஒரு வாரத்தில் அம்மா தனியாக ஓட்டினார். அப்புறம் நானும் கற்றுக்கொண்டேன். இந்த மாவட்டத்தின் கிராமங்களில் ஓர் இலட்சம் பெண்களாவது அந்தக் காலத்தில் சைக்கிள் பழகியிருப்பார்கள் என்று சொல்வார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போனதும், நடுவில் பார் உள்ள ஆண்கள் சைக்கிளையே பெண்கள் வாங்கினார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ள வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அம்மா அதன்பிறகு சந்தைக்குப் போக யாருக்காகவும் காத்திருக்கவில்லை. குடிதண்ணீர் கொண்டுவரவும் ஆஸ்பத்திரிக்குத் தம்பியை அழைத்துப் போகவும் சைக்கிள்தான். நான் கல்லூரிக்குப் போனதும் அதே சைக்கிளில். உங்களில் பலருடைய தாய்மார்களும் அந்தப் பொட்டல்களில் விழுந்து எழுந்தவர்களாக இருப்பார்கள், வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய பேத்திகளைத்தான் இன்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்ட காரில் கொண்டுவந்து இறக்குகிறோம். பாட்டி முப்பத்தெட்டு வயதில் அடைந்த ஒன்றைப் பேத்திக்குப் பதினோரு வயதில் இல்லாமல் செய்கிறோம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

காரில் வரும் பிள்ளைகளுக்கு ஊர் தெரிவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். சமூக அறிவியல் வகுப்பில், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னோம். நடந்தும் சைக்கிளிலும் வரும் பிள்ளைகள் பல்லவன் குளத்தை வரைந்தார்கள், சாந்தநாத சுவாமி கோயில் கோபுரத்தை வரைந்தார்கள், நாய் படுத்திருக்கும் மூலையையும் பூக்காரம்மாவின் குடையையும் குறித்தார்கள். காரில் வரும் பிள்ளைகள் பலர் வீட்டை வரைந்தார்கள், பள்ளியை வரைந்தார்கள், நடுவில் ஒரு நேர்கோடு போட்டார்கள். அந்தத் தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன். வருபவர்கள் பார்க்கலாம்.

பேருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் அனைவருக்கும் அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் புதிய அட்டை வரும்வரை பள்ளிச் சீருடையில் இருந்தாலே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. தாய்மார்களுக்கும் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் டிக்கெட் இல்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையைத் தனியே அனுப்பத் தயக்கமாக இருந்தால், முதல் ஓரிரு வாரங்கள் நீங்களும் கூடவே வரலாம், ஒரு பைசா செலவில்லை. எந்த நிறுத்தத்தில் ஏற வேண்டும், எங்கே இறங்கி எந்தப் பக்கம் கடக்க வேண்டும் என்று பிள்ளை பழகிவிடும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது, அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை இருக்கும்.

பேருந்தில் கூட்டம், படிக்கட்டில் தொங்குகிறார்கள் என்ற புகார் நியாயமானது. அதில் பள்ளியின் தவறும் கலந்திருக்கிறது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளின் சிறப்பு வகுப்பை நாங்கள் 5.45 வரை நீட்டியதால் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பேருந்தில் முண்டியடிக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து சிறப்பு வகுப்பு 5.15க்கு முடியும். கீரனூர், திருமயம், ஆலங்குடி வழித்தடப் பிள்ளைகள் ஏறும்வரை ஓர் ஆசிரியர் நிறுத்தத்தில் நிற்பார். புத்தகச் சுமை பற்றியும் பலர் சொன்னீர்கள். வகுப்பறைகளில் அலமாரி வைக்கிறோம், அன்றாடம் தேவைப்படாத நூல்கள் பள்ளியிலேயே இருக்கட்டும்.

அடுத்து எழுதப் போவது சிலருக்குக் கசக்கும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் வந்து, அதைப் பக்கத்துத் தெருவில் மறைவாக நிறுத்திவிட்டு, நடந்து வருவதுபோல் பள்ளிக்குள் நுழைகிறார்கள். வண்டி எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாம் அப்பாவின், மாமாவின் வண்டிகள். கியர் உள்ள வண்டிக்கு 18 வயது நிறைய வேண்டும். 16 வயதில் அனுமதி உள்ளது 50 சிசிக்கு மிகாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், அதற்கும் உரிமம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. இருபத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் என் மாணவர்கள் மூன்று பேருடைய வீட்டுக்கு மாலையோடு போயிருக்கிறேன். மூன்றும் வண்டியில் போன உயிர்கள், மூவருக்கும் தலைக்கவசம் இல்லை. நான்காவது வீட்டுக்கு நான் போக மாட்டேன். இனி எந்த மாணவராவது வண்டியில் வருவது தெரிந்தால் அன்றே பெற்றோரை வரவழைப்பேன். இரண்டாம் முறை காவல் துறைக்குத் தெரிவிப்பேன்.

அந்த மாணவர்களில் பலருக்கு அரசு தந்த சைக்கிள் வீட்டில் இருக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் அனைவருக்கும் விரிந்த திட்டம் அது. வீட்டுக்கு வந்த சைக்கிளைத் திண்ணையில் துருப்பிடிக்க விடுகிறோம், அல்லது பாதி விலைக்கு விற்றுவிடுகிறோம். காற்றடித்து, பிரேக் கட்டையை மாற்றினால் போதும், ஓடும். நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சைக்கிளில் அரை மணி நேரம்கூட ஆகாது. பள்ளிச் சைக்கிள் நிறுத்தத்துக்குப் புதிய கூரை போட்டாயிற்று. காற்றடிக்கும் பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கும்.

பிள்ளைகள் சைக்கிளில் போவதற்குப் பெயர்பெற்ற நாடு நெதர்லாந்து. அங்கேயும் ஒரு காலத்தில் கார்கள்தான் தெருவை ஆண்டன. 1971இல் மட்டும் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் நானூறு பேருக்கு மேல் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று 1972இல் எழுதினார். அதே பெயரில் பெற்றோர் இயக்கமாகத் திரண்டு தெருக்களில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. அதன்பிறகுதான் அந்நாட்டு அரசு தெருக்களையும் சைக்கிள் பாதைகளையும் மாற்றி அமைக்கத் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் உங்களைப் போன்ற பெற்றோர் என்பதால் இதைச் சொல்கிறேன். ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பெற்றோர் துணையின்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு குழுவாக நடந்து போகிறார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகளில் பலர் மஞ்சள் தொப்பி அணிந்திருப்பார்கள், ஓட்டுநர் கண்ணில் தூரத்திலேயே படும். தொப்பி நமக்கும் எட்டாத பொருள் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை முதல் காலை 8.30 முதல் 9.15 வரையும் மாலை 4 முதல் 4.30 வரையும் பள்ளித் தெருவுக்குள் கார் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரில் வந்தே ஆக வேண்டியவர்கள் தெருமுனையில் நிறுத்திப் பிள்ளையை இறக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் தெருவை மறித்து வைக்கப் போக்குவரத்துக் காவல் துறையிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். அது வரும்வரை உங்கள் சொந்த ஒப்புதலை மட்டுமே நம்பியிருக்கிறேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் உடல்நலமில்லாத பிள்ளைகளும் வாசல் வரை வண்டியில் வரலாம், வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மணிக்கட்டு முறிந்த மாணவியும் கட்டுப் பிரிக்கும்வரை ஆட்டோவில் வருவாள். கட்டணத்தைப் பள்ளி தருகிறது.

நடந்து வரும் பிள்ளைகளுக்குப் பழைய பேருந்து நிலையத்திலிருந்தும் பல்லவன் குளக்கரையிலிருந்தும் 8.20க்கு இரண்டு குழுக்கள் புறப்படும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆசிரியர்கள் வருவார்கள். ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் யாரேனும் கூட நடந்தால் பெரிய உதவியாக இருக்கும். சைக்கிள் குழு திருக்கோகர்ணத்திலிருந்தும் மச்சுவாடியிலிருந்தும் 8.10க்குப் புறப்படும். எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்கள் சைக்கிள் குழுவில் சேரும் முன் சனிக்கிழமை காலை மைதானத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டத் தெரியாத பிள்ளைகளுக்கும் அங்கேயே கற்றுத் தருவோம். கற்றுக்கொள்ள விரும்பும் தாய்மார்களும் வரலாம், கேரியரைப் பிடிக்க நான் இருக்கிறேன்.

இத்துடன் உள்ள சீட்டில் உங்கள் பிள்ளை எந்தக் குழுவில் வருவான் அல்லது வருவாள் என்று குறித்துக் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். உடன்பாடு இல்லாதவர்கள் அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். சனிக்கிழமை மதியம் 2 மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் பேசுவோம். திங்கட்கிழமை காலை திருக்கோகர்ணக் குழுவோடு நானும் சைக்கிளில் வருகிறேன். எட்டு மணிக்கே கோயில் வாசலில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
புதுக்கோட்டை