பதவி போன பிறகு யார் மிச்சம்?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்று வந்ததும் ‘மேலாளர்’ என்ற பட்டத்தோடு நீயும் கழன்று போய்விட்டதாக எழுதியிருக்கிறாய். யாராவது “என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டால் நா எழவில்லை என்கிறாய். அதைப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது.

நீ வேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் நாட்குறிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடந்ததையெல்லாம் கோர்வையாக எழுதிவைத்தால்தான் நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள் என்ற நிம்மதி எனக்கு. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694-இல், மனித அறிவைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: நினைவு எதுவரை பின்னோக்கி எட்டுகிறதோ, அதுவரை அதே ஆள். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. கேலன் ஸ்ட்ராசன் என்ற தத்துவ அறிஞர் 2004-இல் எழுதிய கட்டுரையில், தன் வாழ்க்கையைத் தான் ஒரு கதையாக உணர்வதே இல்லை என்றும், அதனால் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்றும் அடித்துச் சொல்கிறார். நம்மோடு படித்தவர்களிலேயே அப்படி ஒருவன் இருந்தானே! பழைய கதை பேச வரவே மாட்டான், ஆனால் என்றைக்குப் பார்த்தாலும் அதே ஆள்.

லாக் சொன்னது முழு உண்மையில்லை என்று எனக்குக் காட்டியவள் அம்மா. அவளுடைய மறதி நோய் இப்போது முற்றிவிட்டது. போன மாதம் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தோம். நான் யாரென்று அவளுக்குப் பிடிபடாத நாள் அது, “நீங்கள் யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்?” என்று என்னையே கேட்டாள். அப்போது ஒரு கர்ப்பிணிப் பெண் உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து, முழங்கால் நடுங்க எழுந்து, இருக்கையைத் தன் முந்தானையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, “உட்காரம்மா” என்றாள். அதில் எங்கள் அம்மா முழுதாக இருந்தாள். பெயர்களும் முகங்களும்தான் போயிருந்தன.

இது மகனுடைய பாசம் மட்டும் பேசுவதில்லை. நீனா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கோல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மூளை, நரம்பு நோய்களுக்கு ஆளானவர்களின் குடும்பத்தாரிடம் “இவர் பழைய ஆள்தானா?” என்று கேட்டுப் பார்த்தார்கள். நினைவை அழிக்கும் அல்சைமர் நோயைவிட, நெற்றிப்பக்க மூளையைத் தாக்கி இரக்கத்தையும் நேர்மையையும் குலைக்கும் நோயில்தான் “ஆளே மாறிவிட்டார்” என்ற பதில் அதிகமாக வந்தது. உடல் மட்டும் முடங்கும் நோயில் அது மிகக் குறைவு. பிறர் நம்மை அடையாளம் காண்பது, பெரும்பாலும் நாம் அவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தை வைத்துத்தான்.

இதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் தீர்ப்புதானே, உள்ளே இருப்பவனுக்கு என்ன பிடிமானம் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். உறவுகளில் தன்னைக் கண்டவர்கள் பிள்ளைகள் பிரிந்து போனதும் தடுமாறுகிறார்கள். கொள்கையில் தன்னைக் கண்டவர்கள் அவ்வளவு எளிதில் சாய்வதில்லை, ஆனால் சிலர் இறுகிப்போய்விடுகிறார்கள். ஆபத்து இல்லாத வழி என்று ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை. ஒரே கயிற்றில் தொங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பது மட்டும் என் உறுதியான எண்ணம்.

“இனி கடைசிவரை நான் இப்படித்தான்” என்று முடித்திருக்கிறாயே, அதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் 18 முதல் 68 வயது வரை உள்ள 19,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். எந்த வயதுக்காரராக இருந்தாலும், கடந்த பத்து ஆண்டுகளில் நிறைய மாறிவிட்டதாகச் சொன்னவர்கள், அடுத்த பத்து ஆண்டுகளில் அவ்வளவாக மாற மாட்டோம் என்றே நினைத்தார்கள். உன் மனமும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது.

மேலாளராக நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். கடைசி வரி வரை படிக்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. உனக்குக் கீழே இருந்த பையன்மேல் பழி விழுந்தபோது, அவனைப் பின்னால் நிற்கவைத்துவிட்டு நீ முன்னால் போய்ப் பதில் சொன்னாய். அந்தக் குணம் நாற்காலியோடு வந்ததில்லை. மாணவர் விடுதியிலேயே உன்னிடம் அதைப் பார்த்தவன் நான்.

குடியிருப்போர் சங்கத்தின் கணக்கைப் பார்த்துத் தரச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன் என்று கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். மறுபடியும் போய் ஒப்புக்கொள். ஏற்கெனவே பார்த்தவர் என்ன குழப்பம் செய்துவைத்திருக்கிறார் என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. அம்மாவைத் தனியே விட்டு வர முடியாததால், இந்த முறை நீதான் இங்கே வர வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்