அவசர அல்ட்ராசவுண்ட் ஃபெலோஷிப் பயிற்சியை வகுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். அவசர மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பை முடித்தவர்களுக்கான அல்ட்ராசவுண்ட் ஃபெலோஷிப்புக்கு நீங்கள் விதிகளை வகுத்து வரும் இவ்வேளையில், இந்தப் பரிசோதனையை நோயாளியின் படுக்கையருகே செய்தும் இளையவர்களுக்குக் கற்பித்தும் வருகிற மருத்துவர் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். பயிற்சி பெறுபவர் எத்தனை ஸ்கேன் செய்தார் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அவர் பதிவு செய்த படங்களை யார், எத்தனை நாட்களுக்குள், எந்த இறுதி முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்பதையும் பாடத்திட்டத்தின் மையத்தில் வையுங்கள்.

எண்ணிக்கை தேவையற்றது என்பது என் வாதம் அன்று. அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி 2001இல் முதன்முதலில் வெளியிட்டுப் பின்னர் திருத்தி வரும் வழிகாட்டுதல்கள், ஒவ்வொரு வகைப் பரிசோதனைக்கும் 25 முதல் 50 ஸ்கேன்கள் என்று ஓர் அளவைச் சுட்டுகின்றன. ஆனால் அது எல்லா அவசர மருத்துவர்களுக்குமான அடிப்படைத் தகுதியின் அளவு. ஃபெலோஷிப் முடித்தவரோ நாளை ஒரு துறையின் அல்ட்ராசவுண்ட் பணி முழுவதற்கும் பொறுப்பேற்று, பிறர் எடுத்த படங்களைச் சரிபார்க்க வேண்டியவர். தவறான கோணத்தில் ஐம்பது முறை ஸ்கேன் செய்தவருக்கு அந்தத் தவறு பழகிப்போகும். யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் அதையே அவர் பிறருக்கும் கற்பிப்பார்.

விபத்துக் காயங்களுக்குச் செய்யும் ஃபாஸ்ட் பரிசோதனையையே பாருங்கள். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக் குழியில், இதய உறைக்குள் என நான்கு இடங்களில் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது என்பதால் எளிதாகத் தோன்றும். ஆயினும் இடப்புறத்தில் இரத்தம் பல வேளைகளில் மண்ணீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில்தான் முதலில் சேர்கிறது; மண்ணீரலும் சிறுநீரகமும் சந்திக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, உடல்மேல் வைத்துப் படம் எடுக்கும் கைக்கருவியான புரோப்பை எடுப்பவர் அதைத் தவறவிடுவார். வலப்புறத்தில் கல்லீரலின் கீழ் நுனிவரை போகாதவருக்கும் இதே நிலைதான். இதயத்தின் முன்புறமுள்ள கொழுப்பை இதய உறைக்குள் தேங்கிய திரவம் என்று எண்ணிவிடுவது இன்னொரு பிழை. வயிற்றின் பின்புறச் சுவரை ஒட்டிய இரத்தக்கசிவையோ, இரத்தம் சிறிதளவே சேர்ந்திருப்பதையோ இந்தப் பரிசோதனை காட்டாமல் போகலாம் என்பதைப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். தான் ‘இல்லை’ என்று எழுதிய நோயாளியின் சி.டி. படத்தையோ அறுவை சிகிச்சைக் குறிப்பையோ பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது மருத்துவரின் மனத்தில் நிலைக்கிறது.

நுரையீரலிலும் இப்படித்தான். 2008இல் தானியேல் லிக்டென்ஸ்டைன் வெளியிட்ட, மூச்சுத்திணறலின் காரணத்தை நுரையீரல் ஸ்கேன் மூலம் படிப்படியாகக் கண்டறியும் ப்ளூ நெறிமுறைக்குப் பின், அத்தகைய நோயாளிகளுக்கு இந்த ஸ்கேனைச் செய்வது பரவலாகியிருக்கிறது. ஆனால் மூச்சோடு நுரையீரல் உறைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது தெரியவில்லை என்பதற்காக நிமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நிலை) என்று முடிவுகட்டிவிட முடியாது. செயற்கை சுவாசத்துக்காகச் செருகிய குழாய் ஒரு பக்க நுரையீரலுக்குள் இறங்கிவிட்டாலும், உறைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே தோற்றம் வரும்.

நான் மிகவும் கவலைப்படுவது இதயம் நின்றுபோன நோயாளியைக் குறித்து. நாடித்துடிப்பைப் பார்ப்பதற்காக மார்பு அழுத்தத்தை நிறுத்தும் இடைவெளி 10 விநாடியைத் தாண்டக் கூடாது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அல்ட்ராசவுண்ட் பயன்படுத்தியபோது அந்த இடைவெளி சராசரியாக 21 விநாடியாகவும், பயன்படுத்தாதபோது 13 விநாடியாகவும் இருந்தது. கருவி உதவவேண்டிய இடத்திலேயே தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அழுத்தம் தொடரும்போதே புரோப்பை இடத்தில் வைத்து, நிறுத்தியதும் காட்சியைப் பதிவு செய்து, மற்றொருவர் விநாடிகளை உரக்க எண்ண, பத்தாவது விநாடிக்குள் கையை எடுத்துவிட்டு, அழுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகே பதிவைப் படிக்க வேண்டும். இது குழுவாகப் பலமுறை ஒத்திகை பார்த்தால் மட்டுமே கைகூடும் பழக்கம். பயிற்சிப் பதிவேட்டில் ‘இதய ஸ்கேன்’ என்று ஒரு வரி கூடிவிடுவதால் வந்துவிடாது.

ஆகவே, வாரந்தோறும் படங்களை மறுபார்வையிடுவதற்கென்று பணிநேரத்திலேயே தனி நேரத்தை ஒதுக்குமாறு விதி செய்யுங்கள். பயிற்றுநருக்கும் அந்த நேரம் ஊதியத்தோடு கூடிய பணியாகக் கணக்கிடப்பட வேண்டும், இல்லையெனில் ஆள் பற்றாக்குறை ஏற்படும் முதல் வாரத்திலேயே அது கைவிடப்படும். ரேடியாலஜி, இதயவியல் துறையினரை அந்த அமர்வுகளுக்கு அழையுங்கள். அவர்களோடு நமக்குள்ள பழைய எல்லைத் தகராறுகளுக்கு இங்கே இடமில்லை. தேர்ச்சியை மதிப்பிடும்போது, நோயாளியின் அருகில் நேரில் பார்த்து மதிப்பிடுங்கள். ‘படம் தெளிவாக இல்லை, முடிவு சொல்ல இயலாது’ என்று எழுதுவதை முழுமையான அறிக்கையாக ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படி எழுதத் தயங்குபவரிடமிருந்துதான் ஆபத்தான அறிக்கைகள் வருகின்றன. புரோப்புகளைத் தொற்றுநீக்கம் செய்வதும் கருவிகளைப் பராமரிப்பதும் பாடத்திலேயே சேரட்டும்.

இறுதியாக, ஃபெலோஷிப்பில் இருப்பவரை அவசர சிகிச்சைப் பிரிவின் பணிப்பட்டியலில் விழும் வெற்றிடங்களை நிரப்பும் ஆளாக எந்த மருத்துவமனையும் பயன்படுத்தாதவாறு, அவர் சாதாரணப் பணிமுறையில் செலவிடக்கூடிய நேரத்துக்கு ஓர் உச்சவரம்பை விதியிலேயே எழுதுங்கள். அந்த வரம்பைக் காக்க முடியாத இடங்களுக்கு அங்கீகாரம் வழங்குவதை, அவர்கள் காக்கும் நிலைக்கு வரும்வரை தள்ளிவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஒரு மருத்துவர்