டிரெய்லரைக் கழற்றாமல் சார்ஜ் போட இடம் கொடுங்கள்: அமைச்சகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்துக்கும், மின்துறை, நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மின்சார வண்டிகளை ஊக்குவிக்கும் மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிக்கு 2025 ஜூலையில் நீங்கள் அறிவித்த மானியத்தை உங்களுக்கே விளக்கத் தேவையில்லை. வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய், நாடு முழுக்க சுமார் 5,600 வண்டிகள், பழைய வண்டியை உடைத்ததற்கான சான்று கட்டாயம். இந்த மடல் மானியத்தைக் குறை சொல்வதற்காக அல்ல. மானியத்தில் வாங்கிய வண்டியை எந்த இடத்தில் நிறுத்திச் சார்ஜ் போடுவது என்று கேட்பதற்காக.

நெடுஞ்சாலையோரம் இன்று இருக்கும் சார்ஜிங் நிலையங்களில் பெரும்பாலானவை காருக்காகக் கட்டியவை. கார் நிற்க 5 மீட்டர் நீளம் போதும். 40 அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் முன் பம்பரிலிருந்து பின் விளக்கு வரை சுமார் 16 மீட்டர். உயரமான கண்டெய்னர் என்றால் தரையிலிருந்து உச்சி வரை கிட்டத்தட்ட நாலரை மீட்டர் வரும். காருக்குப் போட்ட கூரை அதில் இடிக்கும். தலையை உள்ளே விட்டுப் பின்பக்கமாக எடுக்கும் இடத்தில் டிரெய்லர் திரும்ப வழியே கிடையாது. கார் எடை தாங்கப் பதித்த 60 மி.மீ. பேவர் கற்கள், சுமை வண்டி ஒரே இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் பெயர்ந்துவிடும். அதனால் நிலையக்காரர்களும் உள்ளே விடத் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஓட்டுநர் என்ன செய்வார்? டிரெய்லரை ரோட்டோரம் கழற்றிப் போட்டுவிட்டு, இழுவை வண்டியை மட்டும் சார்ஜருக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலை இன்னதென்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதியுங்கள். முதலில் கெட்டியான, சமமான தரை வேண்டும். டிரெய்லர் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிரெய்லரைத் தனியே தாங்கும் முன்கால்கள் இரண்டும் தரையில் ஊன்றும்வரை கைப்பிடியைச் சுற்றி இறக்க வேண்டும். காற்றுக் குழாய்கள் இரண்டு, விளக்கு கேபிள், ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக்) கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கி, டிரெய்லரை இழுவை வண்டியோடு பிணைக்கும் ஃபிஃப்த் வீல் தட்டின் பூட்டை இழுத்துவிட்டு மெதுவாக முன்னால் எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். அந்தத் தட்டில் சொருகும் டிரெய்லரின் கிங்பின் முளை சரியாகப் பூட்டியதா என்று குனிந்து பார்க்காமல், ஒருமுறை இழுத்துச் சோதிக்காமல் கிளம்பினால், ஓட்டத்தில் டிரெய்லர் தனியாகக் கழன்றுவிடலாம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் கெட்டியான தரை எங்கே இருக்கிறது? மழை பெய்த மண்ணில், சரக்கெடையில் ஒரு கணிசமான பங்கைத் தாங்கி நிற்கும் அந்த இரண்டு கால்களில் ஒன்று புதைந்தால் டிரெய்லர் சாயும். கிரேன் இல்லாமல் நிமிராது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். விளக்கு கேபிளைப் பிடுங்கிய அந்தக் கணமே டிரெய்லரின் பின்விளக்குகள் அணைந்துவிடும். இரவில் வேகமாக வரும் சொகுசுப் பேருந்தின் எதிரே, வெளிச்சமில்லாத ஓர் இரும்புச் சுவர். மோதினால் வழக்கு யார் மேல் வரும்? ஓட்டுநர் மேல். சீல் வைத்த ஏற்றுமதிச் சரக்கை அநாதையாக விட்டுப் போனதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: டிரெய்லரைக் கழற்றாமல், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும்படி லாரிக்கென்றே சார்ஜிங் நிலையங்கள் வேண்டும்.

இது புதிதாக நாங்கள் கண்டுபிடித்த கோரிக்கையும் அல்ல. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 100 கி.மீ.க்கு ஒரு நிலையம், அதில் குறைந்தது 100 கிலோவாட் திறனில் இரண்டு சார்ஜர்கள், கனரக வண்டிகளுக்காக: மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளே 2018-இல் சொன்னது இது. ஆனால் 2024 செப்டம்பரில் இ-டிரைவ் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது வெளியான அறிவிப்பைப் பாருங்கள். சார்ஜர்களுக்கு 2,000 கோடி ரூபாய். நான்கு சக்கர வண்டிகளுக்கு 22,100 சார்ஜர், பேருந்துகளுக்கு 1,800, இரண்டு மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400. லாரிக்கென்று அதில் ஒரு எண்ணிக்கை இல்லை. அதே திட்டத்தில் லாரி மானியத்துக்கு 500 கோடி ஒதுக்கியவர்களுக்கு, அந்த லாரி ஓட மின்சாரம் வேண்டும் என்பது தோன்றாமல் போனது எங்களுக்கு வேதனை.

கணக்கைப் பாருங்கள். 55 டன் இழுவை வண்டியில் 282 கிலோவாட்-மணி பேட்டரி இருந்தால் கம்பெனி சொல்லும் ஓட்டம் 200 கி.மீ.க்குள். பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காமலும் வேகச் சார்ஜில் 80-க்கு மேல் ஏற்றாமலும் ஓட்டினால், கைக்கு வருவது 60 சதவீதம், அதாவது சுமார் 120 கி.மீ. ஓசூரிலிருந்து நாமக்கல் 200 கி.மீ.க்கு மேல். நடுவில் ஒருமுறையாவது சார்ஜ் போட்டே ஆகவேண்டும். அந்த 60 சதவீதத்தை ஏற்ற 240 கிலோவாட் சார்ஜரில் முக்கால் மணி நேரம் ஆகும். ஓட்டுநர் சாப்பிட்டு எழும் நேரம். 60 கிலோவாட் சார்ஜரில் மூன்று மணி நேரம். அதே சார்ஜரின் இன்னொரு சார்ஜிங் துப்பாக்கியை (இணைப்பு முனையை) ஒரு கார் வந்து சொருகி மின்சாரம் பாதியாகப் பிரிந்தால் ஆறு மணி நேரம். அன்றைய டிரிப் போயிற்று. தாமதத்துக்கு வாடகையில் பிடித்தமும் உண்டு.

240 கிலோவாட்டில் இரண்டு சார்ஜர் வைத்தால் 480 கிலோவாட். அதற்கு 11 கே.வி. (11,000 வோல்ட்) உயரழுத்த இணைப்பும் தனி டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். லாரிகள் வராத மாதத்திலும் கேட்புக் கட்டணம், அதாவது வாங்கி வைத்த மின்திறனுக்கான கட்டணம், கட்டியாக வேண்டும். அதனால்தான் தனியார் முன்வரத் தயங்குகிறார்கள். முதல் சில ஆண்டுகளுக்கு அந்தச் சுமையை அரசு ஏற்காமல் இது நடக்காது.

இடம் தேர்வதிலும் கவனம் வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் நீண்ட இறக்கம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் அங்கே நடந்த விபத்துகள் ஊரறிந்தவை. மின்சார லாரி இறக்கத்தில் மோட்டாரையே பிரேக்காக்கி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும். அந்தக் கணவாய்க்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை, மொத்தப் பாரமும் பழைய பிரேக்கின் தலையில்தான் விழும். எனவே நிலையத்தைக் கணவாயின் உச்சியில் வைக்காதீர்கள்; இறங்கி முடித்த பிறகு வையுங்கள்.

மானியத்தைக் குறை சொல்ல வரவில்லை என்றோம். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு லாரி வைத்துப் பிழைப்பவர் அதை உடைத்துச் சான்று வாங்கினால், புது வண்டி கைக்கு வரும்வரை குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? டீசல் வண்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை; மறுவிற்பனை விலை தெரியாததால் பைனான்ஸ்காரர் கேட்கும் முன்பணமும் அதிகம். நூறு வண்டி வைத்திருப்பவர் சமாளிப்பார். சங்ககிரியில் ஒரு வண்டி வைத்திருப்பவர் என்ன செய்வார்? இதெல்லாம் தனியாகப் பேச வேண்டியவை, பேசுவோம்.

இப்போதைக்குப் பணிவோடு கேட்பது முன்னர் கேட்டதுதான். டிரெய்லரைக் கழற்றாமல் சார்ஜ் போடும் நிலையங்களை இரண்டு தடங்களில் தொடங்குங்கள். ஒன்று, ஓசூர் முதல் நாமக்கல் வரை தேசிய நெடுஞ்சாலை 44. மற்றொன்று, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வெளிவட்டச் சாலை வழியாகக் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். போக வர ஏறத்தாழ 150 கி.மீ. மட்டுமே என்பதால் மின்சார லாரிக்கு அளவெடுத்த தடம். சுங்கச்சாவடியை ஒட்டிய லாரி நிறுத்துமிடங்களையும் சாலையோர வசதி மையங்களையும் முதலில் பாருங்கள். தடத்தின் மேல் கூரை 5 மீட்டருக்குக் குறையாமல், தரை கான்கிரீட்டில், கழிப்பறையும் குடிநீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

எந்த நிலையத்துக்கும் ஒப்புதல் தருவதற்கு முன் லோடு ஏற்றிய 40 அடி டிரெய்லர் ஒன்றை உள்ளே விட்டு, வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியும் ஓட்டுநரும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
டிரெய்லர் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள்
நாமக்கல், சங்ககிரி, சேலம்