18ஆம் தேதி வாய்தா

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் செய்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். நேரத்துக்குச் சாப்பிடு. ஓசூர்ப் பனி உனக்கு ஒத்துக்காது, மப்ளர் கட்டிக்கொள்.

போன வாரம் பின்பக்கத்து வாழையில் தார் வெட்டப் பரணில் ஏறினேன். பெரிய அரிவாளைக் காணோம். அது சுற்றியிருந்த சாக்கு மட்டும் மடித்த மேனிக்கு, எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. பொங்கலுக்கு வந்தவன் வேலி வெட்ட எடுத்திருப்பான் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேலி அப்படியேதான் நிற்கிறது.

சின்னவனைக் கொன்ற கேஸில் 18ஆம் தேதி வாய்தா. அன்றைக்கு டீக்கடை அண்ணாச்சி கூண்டு ஏறுகிறார். அவர் சாட்சியில்தான் கேஸே நிற்கிறது. ஜாமீனில் வந்தவர்கள் அவர் கடை முன்னால் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். ஜாமீனை ரத்து செய்ய மனு போட்டாயிற்று. சாட்சிக்குப் பாதுகாப்பு கேட்கவும் வழி இருக்கிறது, 2018லேயே சுப்ரீம் கோர்ட் அதற்கான திட்டத்தை ஏற்றுக்கொண்டது என்று வக்கீல் சொல்கிறார். அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அவர்கள் எந்த வழியாக, எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று உன் மாமா மகனிடம் கேட்டாயாமே. எதற்கய்யா உனக்கு அது?

நீ சூப்பர்வைசர் ஆன சேதியை ஊர் முழுக்க நடந்தே சொன்னவன் நான். அப்படிப்பட்ட பிள்ளை, தம்பி வருஷத் திதியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நீ அழுதிருந்தால் எனக்கு இந்தப் பயம் வந்திருக்காது.

2024 டிசம்பர் 20 அன்று பாளையங்கோட்டை கோர்ட் வாசலில், பட்டப்பகலில் ஒருத்தரை வெட்டிச் சாய்த்தார்களே, மறந்துவிட்டாயா? பழிக்குப் பழி என்று பேப்பரில் போட்டான். செத்தவர் மேல் இருந்த கேஸ் அவரோடு போய்விடும். கொன்றது இவன்தான் என்று அதற்கப்புறம் எந்த ஜட்ஜும் எழுத மாட்டார். சின்னவனுக்கு அந்த ஒரு வரி வேண்டும் எனக்கு.

சாதி வெறியில் கொன்றார்களே, அந்தக் கோகுல்ராஜின் அம்மாவை நினைத்துப் பார். பிள்ளையைப் பறிகொடுத்தது 2015 ஜூனில். கூட இருந்த முக்கியமான சாட்சியே கோர்ட்டில் மாற்றிப் பேசிய பிறகும் அந்தம்மா விடவில்லை. திருச்செங்கோடு கோயில் கேமராவில் பதிவானது துணைக்கு வந்தது. 2022 மார்ச்சில் மதுரையில் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. ஏழு வருஷம்.

இவருக்கென்ன, கோர்ட்டை நம்பு என்று லேசாகச் சொல்கிறார் என்று நினைப்பாய். நீ வயிற்றில் இருந்தபோது கண்மாய்க் கரையில் ஒருத்தரை வெட்டினார்கள். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். வெட்டியவன் என்னைப் பார்த்து, போய்விடு என்று கையைக் காட்டினான். போலீசில் எல்லாம் சொன்னேன். கோர்ட்டில் கூண்டு ஏறினால், பின்பெஞ்சில் அவன் ஆட்கள் நாலு பேர். "முதுகுதான் தெரிந்தது, முகம் பார்க்கவில்லை" என்றேன். பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் விடுதலை. பத்து வருஷம் கழித்துச் செத்தவர் மகன் அவர்களில் ஒருவனை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனான். ஆயுள் தண்டனை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் அரிவாளைத் தொட்டிருக்க மாட்டான். ரேஷன் கடை வரிசையில் அவன் அம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவதை நீயே பார்த்திருக்கிறாய். ஏன்பா என்று கேட்டாய். வாய்க்கால் தகராறு என்று சொன்னேன். பொய்யய்யா. உன் அம்மாவுக்கும் தெரியாது.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு டீ ஆற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அதற்குள் நம் பக்கத்திலிருந்து ஏதாவது நடந்தால் அவர் கூண்டு ஏற மாட்டார். 18ஆம் தேதி பின்பெஞ்சில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெறும் கையோடு வா. அரிவாளை யாரிடம் கொடுத்து வைத்தாய் என்று மட்டும் சொல், நான் போய் வாங்கிக்கொள்கிறேன். 17ஆம் தேதி ராத்திரி பஸ் ஏறினதும் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் முழித்திருப்பேன்.

அப்பா