சாட்சி சொல்ல மாட்டேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டத்தில் நான் எழுந்து, கர்த்தர் நமக்குச் செய்தது இது என்று சாட்சி சொல்ல மாட்டேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் பார்க்க ஏன் எழுதினாய் என்று கேட்பாய். அப்பாவைப் பற்றி நீ பேசியதும் எல்லோரும் பார்க்கத்தான். உங்கள் சபை யூடியூபில் போட்ட அந்த வீடியோவைக் கோத்தகிரியில் நமக்குத் தெரிந்தவர்களில் பார்க்காத ஆள் இல்லை. காய்கறிக் கடையில் நிறுத்தி, "யானை சாட்சி உங்க அப்பாவோடதுதானே?" என்று கேட்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும். உன் மாமியார் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் சிலவற்றைத் தொடவில்லை. பணத்தைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். உன் வீட்டு மொட்டை மாடியில் அன்றைக்குப் பேசினது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

அப்பாவின் நோயைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உனக்குத் தெரியாதது அந்த யானை விஷயம் மட்டும்தான். நீ அன்றைக்குப் போனில்தானே இருந்தாய்.

ஜூன் மாதம், பலா சீசன். ஏழு மணி டயாலிசிஸ் ஷிப்டுக்கு மலைக்குக் கீழே போய்ச் சேர ஐந்துக்கே கிளம்பினோம். முந்தின நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து யாரோ கொடுத்த காபி, அப்புறம் மதியம் ஒரு டம்ளர் ரசம் என்று அப்பா கணக்கை மீறிவிட்டார். நாள் முழுவதற்கும் முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார், டீயும் சேர்த்து. ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். வண்டியிலும் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. நான் ஆறு மாதமாகச் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் மனசுக்குள் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவை ஜெபம் என்று சொல்லத் தகுந்தவை அல்ல.

குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. வனத்துறை ஆள் ஒருவர் விளக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். ரோட்டோரப் பலாமரத்தடியில் ஒரு தாய் யானையும் குட்டியும். தாய் பழத்தைக் காலால் மிதித்துப் பிளந்து குட்டியிடம் தள்ளியது. பழ வாசனை வண்டிக்குள் வரைக்கும் வந்தது. அப்போதுதான் உன் போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

நீ ஜெபித்தாய். "இயேசுவின் நாமத்தினாலே இந்தத் தடை விலகிப்போகக்கடவது" என்று நீ குரலை உயர்த்தியபோது அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பாப்பா, மெதுவா. யானைக்குக் கேட்டுடப் போகுது" என்றார். உனக்கு அது கேட்டிருக்காது. சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. நீ முடித்ததும் சன்னலுக்கு வெளியே நின்றிருந்த கேரட் லாரி டிரைவர், நெற்றியில் விபூதியோடு, சத்தமாக "ஆமென்" என்றார்.

யானை போகவில்லை, அக்கா.

நீ போனை வைத்த பிறகு முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். நான் ஸ்டியரிங்கைக் குத்தினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்கு நடுவே விட்டு விட்டு, "கர்த்தாவே, அந்தக் குட்டிக்கு வயிறு நிறையட்டும். எங்களுக்கும் நேரமாகுது" என்றார். இவ்வளவுதான் அவர் ஜெபம். அப்புறம் என்னைப் பார்த்து, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராகன்னு சங்கீதக்காரன் மலையைப் பார்த்தான். நாம என்னடான்னா மலையிலிருந்து ஒத்தாசைக்குக் கீழே இறங்கிப் போறோம்" என்றார். அதற்கும் அவரே சிரித்துக்கொண்டார்.

பழம் தீர்ந்தது, அவை இறங்கிக் காட்டுக்குள் போயின. எங்கள் ஷிப்டும் போயிருந்தது. மதியம் வரை பெஞ்சில் காத்திருந்தோம்.

நீ வீடியோவில் சொன்னது "ஆமென் சொன்ன மறு நிமிஷம்". சபை கை தட்டியது. நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் உன்னிடம் "யானை போயிடுச்சு" என்று மட்டும் சொன்னவன் நான். மீதியை நீ நிரப்பிக்கொண்டாய். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அப்பா இருந்தார். அதை எடுத்துவிட்டு மீதியை ஊருக்குச் சொன்னால் அங்கே அவர் இல்லை.

இன்னொன்று. ஜனவரியில் உன்னோடு ஜெபிக்க வந்த சகோதரர், பெயர் வேண்டாம், அப்பாவின் தலையில் கைவைத்து நன்றாகத்தான் ஜெபித்தார். பிறகு, "ஐயா, அந்த மெஷினை நம்பாதீங்க" என்றார். "நான் அதை நம்பலைங்க. வாரம் ரெண்டு தடவை அதுகிட்டப் போறேன், அவ்வளவுதான்" என்றார் அப்பா. வாசலில் செருப்பு மாட்டும்போது அந்தச் சகோதரர் என்னிடம், "வீட்ல யாருக்கோ அவிசுவாசம் இருக்குது தம்பி, அதான் சுகம் தடைபடுது" என்றார். நீ பக்கத்தில் நின்றாய். தரையைப் பார்த்தாய். அந்த "யாருக்கோ" யார் என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, அன்போடு இளநீரும் வாழைப்பழமும் கொண்டு வந்தவர்களிடம் பொட்டாசியம் ஆகாது என்று கெஞ்சி, ராத்திரியில் அவர் கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பெயர். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் எனக்கு ஆறவில்லை.

2009 நவம்பர் மழையின்போது ரோடு துண்டிக்கப்பட்டு உன்னால் வர முடியவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அடுத்த ஞாயிறு கோயிலில் ஒவ்வொருவராக எழுந்து, கர்த்தர் எங்கள் வீட்டைக் காத்தார் என்று சாட்சி சொன்னார்கள். நம் வீட்டுப் பின்சுவர் வரை மண் வந்து நின்றதை எல்லோரும் பார்த்திருந்ததால் போதகர் ஐயர் அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் லூக்கா 13-ஐ என்னை வாசிக்கச் சொன்னார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அந்த இடம். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஆண்டவர் கேட்கிறார், அல்ல என்று அவரே சொல்கிறார், மனந்திரும்பச் சொல்கிறார். "கோபுரம் ஏன் விழுந்துதுன்னு அவர் சொல்லலை பாரு. அவரே சொல்லாததை நான் எப்படிடா மைக்ல சொல்றது?" என்றார் அப்பா.

இதற்காகவே சாட்சி சொல்லத் தயங்குகிறேன். உன் மேலிருக்கும் கோபம் அடுத்த காரணம்தான். அது இல்லை என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய்.

இன்னும் ஒன்று உனக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு நீ ஜெபிக்க அழைக்கும் முன்னால் அப்பா தலை வாரிக்கொள்வார். வீடியோ கால் இல்லை, வெறும் போன்தான். இருந்தாலும் வாரிக்கொள்வார். முக்கால் லிட்டரில் இரண்டு வாய் டீயை மிச்சம் பிடித்து டம்ளரை மூடி வைப்பார், பாப்பா ஜெபத்துக்கு அப்புறம் குடிக்க என்று. ஆறிப்போன டீ. அதைக் குடித்தால்தான் அவருக்கு அந்த நாள் முடியும். அவர் கேட்ட ஜெபம் உன்னுடையதுதான், என்னுடையது அல்ல.

கடைசி இரண்டு வாரத்தில் சில ராத்திரிகள் நான் போனை எடுக்கவில்லை. மன்னித்துவிடு. அவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன், கை ஈரம். எடுத்திருந்தால் எப்படியிருக்கிறார் என்று கேட்பாய், நான் சொல்ல வேண்டும், நீ உடனே ஸ்தோத்திரம் என்பாய். அந்த ஸ்தோத்திரத்தை அப்போது என்னால் கேட்க முடியவில்லை. எழுதும்போதே மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றும் தோன்றுகிறது. இருக்கட்டும், கேட்டது கேட்டதுதான்.

தம்பி ஆண்டவரை விட்டுவிட்டான் என்று அத்தையிடம் சொன்னாயாம். விடவில்லை. கோயிலுக்குப் போகிறேன், பின்வரிசையில் உட்காருகிறேன். சங்கீதம் 88-ஐத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியாவது கடைசியில் துதிக்கு வந்துவிடும். இது இருட்டிலேயே முடிகிறது. ஆனால் தொடங்குவது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று. திட்டுவதற்கும் அவரிடமே வந்து நிற்கிற ஒருவன் எழுதியது. இப்போதைக்கு எனக்கு அவன் துணை போதும்.

பெரிய ஜெபமெல்லாம் வாயில் வரவில்லை. இன்றைக்குத் தேயிலை பறிக்க ஆள் வரட்டும், மழை ஈரத்துக்கு என்று பேக்டரியில் எடையை ரொம்பக் கழிக்காமல் இருக்கட்டும், கொப்புள நோய் மேல்பாத்திக்குப் பரவாமல் இருக்கட்டும். இப்படித்தான் கேட்கிறேன். சில நாள் ஆள் வருகிறார்கள், சில நாள் வருவதில்லை. மறுநாளும் கேட்கிறேன். 2000 வாக்கில் இலை விலை விழுந்து கிடந்தபோது, உனக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நாளில், அப்பா இதைவிடப் பெரிதாகவா கேட்டிருப்பார் என்று தெரியவில்லை.

சரி, வெள்ளிக்கிழமை விஷயம். ஐயரிடம் பேசிவிட்டேன். பாட்டு, வேதவாசிப்பு, ஒரு சின்னச் செய்தி. வாசிப்பு என்னுடையது, லூக்கா 13. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும், நீயும் சொல். யானையைச் சொல்வதானால் லாரிக்காரர் ஆமென் சொன்னதையும் அந்த முக்கால் மணி நேரத்தையும் சேர்த்துச் சொல், நான் மறுத்துப் பேசமாட்டேன். முடிவு ஜெபம் நீதான் செய்ய வேண்டும். வேறு யாரையும் நான் கேட்கவில்லை. ஜனவரியில் வந்த சகோதரரை மட்டும் அழைத்து வராதே. மைக் செட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நம் வீட்டு ஹாலுக்கு உன் குரலே ஜாஸ்தி.

பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வை, சாயங்காலம் குளிர்கிறது. வரும் வழியில் மேட்டுப்பாளையத்தில் நாலு சீப்பு பூவன்பழம் வாங்கிக்கொள். இங்கே விலை அதிகம்.

உன் தம்பி