தோல் செருப்பில் எது குறை, எது குறையல்ல?

ஆசிரியருக்கு,

வணக்கம். கையால் தைத்த தோல் செருப்பை வாங்கிப்போன நாலே நாளில் கடைக்குத் திரும்பி வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டும் ஒரே கலரா இல்லையே, இதோ பாருங்க, கீறல் வேற." கடைக்காரரும் வாதாடாமல் வாங்கி, தைத்தவர் தலையில் கட்டிவிடுகிறார். உண்மையான பழுது இருக்கும் ஜோடியோ கண்ணில் படாமல் விற்றுப்போகிறது. கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

ஆவாரம் பட்டை, கடுக்காய், வாட்டில் மரத்தின் பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்குக் கனத்த மேற்பூச்சு கிடையாது. உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் இழுத்த கோடு, கழுத்துச் சுருக்கம் எல்லாம் மாட்டின் மேல் இருந்தபடியே தெரியும். ஒரே தோலில் முதுகு ஒருவிதமாகவும் வயிறு ஒருவிதமாகவும் சாயம் குடிக்கும். வெயில் பட்டால் நிறம் இன்னும் கருக்கும். இரண்டு மாதம் போட்டால் இடதுக்கும் வலதுக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் மங்கிவிடும். தழும்பே இல்லாத தோல்தான் வேண்டும் என்றால், மேல்பக்கத்தைத் தேய்த்தெடுத்துக் கனமாகப் பூச்சு அடித்த தோல்தான் கிடைக்கும். அது மடங்கும் இடத்தில் பொருக்குப் பொருக்காக உரியும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: பட்டைப் பதனில் உள்வரை பழுப்பு, குரோம் உப்பில் பதனிட்டுச் சாயம் ஏற்றாத தோலில் நீலச் சாம்பல், ரெக்சின் என்றால் துணி இழை.

தழும்பை விட்டுவிட்டுச் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். அடித்தோல் முதுகுப் பகுதியிலிருந்து, நாலைந்து மில்லிமீட்டர் கனத்தில் இருக்க வேண்டும். அதைத் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை ஊறப்போட்டு, நிழலில் பாதி காயவைத்து, இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்குவார்கள். நேரம் பிடிக்கிற, கை வலிக்கிற வேலை இது. அவசர ஆர்டரில் முதலில் விட்டுப்போவதும் இதுதான். அடிக்காத தோல் ஒரே மாதத்தில் பரந்து, ஓரம் அப்பளம் போல் மேலே வளையும். வயிற்றுத் தோலில் அடி போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். லேசாக வளைத்துப் பாருங்கள்: நல்ல தோலில் மெல்லிய வரிகள் விழுந்து மறையும், வயிற்றுத் தோலில் தடித்த மடிப்பு விழுந்து அப்படியே நிற்கும்.

தையல் கோணலாக இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். கைத்தையலில் ஒரே துளைக்குள் இரண்டு ஊசி எதிரெதிராகப் போய்வரும். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்து நிற்கும். அங்குலத்துக்கு ஐந்தாறு துளை போதும். 'நெருக்கமாத் தைங்க, உறுதியா இருக்கும்' என்று கேட்டு வாங்கினால், துளை வரிசையிலேயே தோல் தபால்தலை மாதிரிக் கிழியும். பார்க்க வேண்டியது வேறொன்று. அடிப்பக்கத் தையல் மேல் நகத்தால் இழுத்துப் பாருங்கள். நூல் நகத்தில் தட்டினால், நூல் பதியும் பள்ளமான காடியை வெட்டாமல் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். தார்ச்சாலையில் அந்த நூல் தேய்ந்து அறுந்துவிடும்.

வார் இரண்டு மில்லிமீட்டர் முன்பின் இருப்பது குறையல்ல. ஆனால் வாரின் நுனி மேல்தோலின் கீறல் வழியே உள்ளே போய், இரண்டு அடுக்குக்கு நடுவே விரிந்து, தையலில் சிக்கியிருக்க வேண்டும். வெறும் சொல்யூஷனில் ஒட்டியிருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

புதுச் செருப்பு கடித்தால் வாரின் உள்பக்கம் நாலைந்து சொட்டு விளக்கெண்ணெய் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டு, முதல் வாரம் தினம் அரைமணி நேரம் மட்டும் போடுங்கள். வெள்ளி கடற்கரைக்கோ புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கோ போட்டுப்போய் உப்புத்தண்ணீர் பட்டால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைக்க வேண்டும். உப்பு பூத்த பிறகு எண்ணெய் போட்டுப் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் வெயிலிலும் அடுப்போரத்திலும் வைக்காதீர்கள். ஈரத்தோல் சூட்டில் சுருங்கி வறட்டியாகிவிடும். காகிதம் திணித்து, நிழலில் சாய்த்து வைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய நாளிதழில் சுற்றினால் போதும், உங்கள் நாளிதழானாலும் சரி.

குதிகால் தேய்வு தையலைத் தொடுவதற்கு முன்பே பழைய டயர்த் துண்டு வைத்துத் தைத்துவிடுங்கள். தையல் அறுந்த பிறகு கொண்டுவந்தால் அடி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தோல் செருப்புத் தைப்போர் சிலர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.