சுஷிமாவில் மூழ்கிய சுமைக்கோடு

தூத்துக்குடி

அன்புள்ள சுந்தரம்,

கண்புரை அறுவை முடிந்து மருத்துவர் எழுதப் படிக்க அனுமதித்த பிறகு எழுதும் முதல் கடிதம் இது. உனக்குப் பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ரஷ்ய-ஜப்பானியப் போரில், 1905 மே 27 அன்று ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட சுஷிமா நீரிணையில் ஜப்பானிய அட்மிரல் டோகோ, ரஷ்யப் பீரங்கிகளுக்கு எதிரிலேயே தன் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் திருப்பியது துணிச்சலா, அசட்டுத்தனமா என்று கேட்டிருந்தாய். வரிசை முழுவதும் திரும்பி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அதுவரை எதிரி அந்த ஓரிடத்தைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். முன்னால் சென்ற டோகோவின் கொடிக்கப்பலான மிகாசாவின்மேல் குண்டுகள் விழவும் செய்தன. ஆனால் என்ஜின் அறையில் காலம் கழித்த நாம் அந்தத் திருப்பத்தைப் பார்ப்பதற்குமுன் நிலக்கரியைப் பார்க்க வேண்டும் என்பேன்.

ரஷ்ய அட்மிரல் ரொஷெஸ்த்வென்ஸ்கியின் கப்பற்படை 1904 அக்டோபரில் பால்டிக் கடலிலிருந்து புறப்பட்டது. புறப்பட்ட சில நாளிலேயே வட கடலில் ஆங்கிலேய மீன்பிடிப் படகுகளை ஜப்பானிய டார்ப்பிடோ படகுகள் என்று எண்ணிச் சுட்டது. (வட கடலில் ஜப்பானியப் படகா என்று நீ சிரிப்பாய், அங்கே மீனவர்கள் செத்தார்கள்.) பிரிட்டன் ஏற்கெனவே ஜப்பானின் நட்பு நாடு, அதன் துறைமுகங்களில் கரி கிடைக்க வழியில்லை. ஜெர்மானியக் கரிக்கப்பல்கள் கூடவே வர, திறந்த கடலிலும் கரி ஏற்றினார்கள். அடுத்து எங்கே கிடைக்குமோ என்ற அச்சத்தில் மேல்தளத்திலும், பீரங்கித் தளத்திலும், அதிகாரிகளின் அறைகளிலும்கூட மூட்டை மூட்டையாக அடுக்கினார்கள். மடகாஸ்கரில் காத்துக் கிடந்தபோது, ஜப்பானியர் முற்றுகையிட்டிருந்த எந்த ரஷ்யத் தளமான போர்ட் ஆர்தரைக் காப்பாற்றப் புறப்பட்டார்களோ அது விழுந்துவிட்ட செய்தியும் வந்து சேர்ந்தது.

சரக்குக் கப்பலில், எவ்வளவு ஆழம்வரை சுமை ஏற்றலாம் என்று பக்கத்தில் போட்டிருக்கும் சுமைக்கோடு ஒரு சாண் மூழ்கினால் நாம் நங்கூரமே எடுக்க மாட்டோம். அவர்களுடைய புதிய போர்க்கப்பல்களிலோ, நீர்மட்டத்தைக் காக்க வேண்டிய எஃகுக் கவசப் பட்டையே சுமை தாங்காமல் நீருக்குள் இறங்கிவிட்டது. அதற்குமேல் இருந்த பலவீனமான பக்கத்தில்தான் ஜப்பானியக் குண்டுகள் வெடித்தன. ஓட்டை விழுந்த இடத்தில் அலை புகும், கப்பல் ஒருபுறம் சாயும், கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் நீரைத் தொடும். அப்புறம் தளபதி என்ன கட்டளையிட்டு என்ன பயன்? கப்பலின் அடியைச் சுத்தம் செய்யும் உலர்தளத்தை மாதக்கணக்கில் காணாத அடிப்பாகத்தில் பாசி படர்ந்திருக்க, ரஷ்ய வரிசை ஒன்பது நாட் (மணிக்கு ஒன்பது கடல் மைல்) வேகத்தில் ஊர்ந்தது. டோகோவோ பதினைந்து நாட்டில் வந்தார். அவர் திரும்பியது கணக்குப் போட்டுத்தான் என்பது என் எண்ணம்.

மாலைக்குள் அஸ்லியாபியா, சுவோரோவ், அலெக்சாந்தர், பொரோதினோ என்ற நான்கு ரஷ்யப் போர்க்கப்பல்களும் மூழ்கின. பொரோதினோவில் இருந்த எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர் ஒரே ஒருவர். ரஷ்யா நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. ஜப்பான் 117 பேரை. மறுநாள் ரஷ்யத் துணைத் தளபதி நெபகாதவ் தன்னிடம் எஞ்சியவற்றைச் சரணடையச் செய்தார். தலையில் காயம்பட்டுப் பிடிபட்ட ரொஷெஸ்த்வென்ஸ்கியை டோகோ மருத்துவமனைக்கே போய்ப் பார்த்தார்.

மிகாசா இன்றும் யோகோசுகாவில் கரையோரமாக, காங்கிரீட்டில் பதித்து நிற்கிறது. அந்தக் கப்பலைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சசெபோ துறைமுகத்தில் கட்டிக் கிடந்தபோதே அதன் வெடிமருந்து அறை வெடித்துக் கப்பல் கடலடியில் அமர்ந்தது. சுஷிமாவில் ஜப்பான் முழுவதுமாக இழந்ததைவிட அதிகம் பேர் அன்று அந்த ஒரே கப்பலில் இறந்தார்கள்.

அன்புடன்,
உன் ராஜமாணிக்கம்